நீல நூல் தைத்த குடைகள்

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில், பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருந்தது. பஸ்ஸில் தொலைந்த பொருட்கள் அங்கேதான் வந்து சேரும். நான் ஆறு வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் உனாய்ஸி.

எங்கள் ஊரில் நனையாத வாரம் கிடையாது. தொலைந்த பொருள் என்று பத்து வந்தால் அதில் எட்டு குடையாக இருக்கும். பஸ்களுக்குக் கண்ணாடி ஜன்னல் இல்லை; மழை வந்தால் ஆளுக்கு ஆள் தார்ப்பாயை இழுத்துவிட்டு, குடையைக் காலடியில் போட்டுவிட்டு, மழை விட்டதும் மறந்து இறங்கிவிடுவார்கள். ஓட்டுநர்கள் கடைசி நடை முடிந்ததும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் போடுவார்கள். முறிந்தவை நேரே குப்பைத் தொட்டிக்கு. முழுசானவை மூன்று மாதம் காத்திருக்கும். அதற்குள் யாராவது வந்து நிறம், கைப்பிடி, அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவேன்.

இது நடப்பதற்கு முந்தின வருடம் ஒருவன் என்னை நன்றாக ஏமாற்றியிருந்தான். ஓட்டுநர்கள் குடை கொண்டுவரும்போது எதிரே நின்று பார்த்துக்கொள்வான். அரை மணி கழித்து ஒன்றும் தெரியாதவன்போல வந்து அடையாளம் சொல்லி வாங்கிப்போவான். இப்படிப் பதினொரு குடை வாங்கிப்போய்ச் சந்தை வாசலில் விற்றிருக்கிறான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அன்றிலிருந்து குடை கேட்டு வருகிற எவரையும் நான் திருடனாகவே பார்த்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை காலையில் அந்த அம்மா வந்தார். இந்தியக் குடும்பத்து அம்மா, அறுபது வயது இருக்கும், தலையில் வெள்ளை முக்காடு. பஸ்ஸில் கிடந்ததென்று ஒரு சிவப்புக் குடையை நீட்டினார். பயணிகள் யாரும் குடையை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதில்லை. நல்ல குடை கிடைத்தால் கையோடு வீட்டுக்குப் போய்விடும். இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா என்று நினைத்துப் பேர் கேட்டு எழுதிக்கொண்டேன். பேர் பூல்மதி, இருப்பது ராய்வாங்கா என்று சொன்னார்.

அடுத்த புதனும் வந்தார். இந்த முறை கறுப்புக் குடை. அதற்கடுத்த புதன் பூப்போட்ட குடை. ஒரே அம்மா கண்ணுக்கு மட்டும் வாரம் தவறாமல் குடை அகப்படுகிறதே என்று எனக்குள் ஒரு முள் உறுத்த ஆரம்பித்தது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று குடையும் அன்றன்றே போயிருந்தன. மூன்றையும் வாங்கிப்போனது ஒரே ஆள். பேர் சுஷீலா, இடம் நசினு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். கூட்ட நேரத்தில் நான் முகத்தைக் கவனித்திருக்கவில்லை.

நான்காவது புதன் அவள் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். நெற்றி வகிட்டில் குங்குமம். கழிப்பறை வாசலில் பத்து சென்ட் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் என் பக்கம் திரும்பினாள். குடையைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். என்ன நிறம் என்று கேட்டேன். அவள் என் தோளுக்கு மேலாகக் குவியலைப் பார்த்தாள்.

"நிறம் சரியா ஞாபகம் இல்லக்கா. கம்பி முனையில நீல நூலால தைச்சிருக்கும்" என்றாள்.

தன் குடையின் நிறம் தெரியாது. முனையில் இருக்கிற நூல் மட்டும் தெரியும். தேடிப் பார்த்தேன். காலையில் பூல்மதி கொடுத்த பச்சைக் குடையின் இரண்டு கம்பி முனையில் நீல நூல் இருந்தது. நெருக்கமான, அழகான தையல். குடையைக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத மூலையில் அவள் குடையைப் பாதி விரித்தாள். உள்ளே கையை விட்டு எதையோ பிய்த்து எடுத்து ரவிக்கைக்குள் செருகினாள். பிறகு குடையை மடக்கிப் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் தலைகீழாகக் குத்திவிட்டு, கொட்டுகிற மழையில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கடலைக்காரர் கடைக்கு ஓடினாள். அங்கே அவள் வயதுப் பெண் ஒருத்தி காகிதச் சுருளில் கடலை தின்றபடி காத்திருந்தாள். இருவரும் ஒரே குடைக்குள் சந்தைக்குப் போனார்கள்.

நான் நனைந்துகொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய குடையை ஐந்தாவது நிமிடம் குப்பையில் போடுகிறவளை நான் பார்த்ததே இல்லை.

ஜோவெலியிடம் சொன்னேன். அவன் நிலையத்துக் கண்காணிப்பாளன், எனக்கு மாமன் மகன். எங்கள் பூர்வகுடியில் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் கேலி பேசாமல் இருந்தால்தான் தப்பு. குடைக்குள் மாப்பிள்ளை யாராவது கிடைப்பானா என்று எட்டிப் பார்த்தாயா, உனக்கும் ஒன்று வேண்டுமே என்றான். பிறகு அவனே யோசித்துவிட்டு முகம் மாறினான். போன மாதம் லவுதோக்கா பஸ்ஸில் கிழங்குக் கூடைக்கு அடியில் கஞ்சா பிடித்திருந்தார்கள். கூடையில் வருவது குடையில் வராதா என்றான். அடுத்த புதன் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. இன்னொரு முறை ஏமாந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். இந்த முறை பிடித்துக் காட்டினால் அந்தக் கடிதத்தை மேலாளர் கிழித்துப்போடுவார் என்ற ஆசை இன்னொரு பக்கம். ஆசைதான் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

புதன் வந்தது. பூல்மதி சாம்பல் நிறக் குடையைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமல் போனார். நான் சின்னக் கதவை இழுத்து மூடினேன். ஜோவெலி விளக்கைப் போட்டான். குடையை விரித்தோம். உச்சியில், கம்பிகள் ஒன்றுசேர்கிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துணிப்பை அதே நீல நூலால் தைத்திருந்தது. பிரித்துக் கொட்டினேன். பதினான்கு வெள்ளை மாத்திரைகள். பேர் இல்லை, உறை இல்லை.

ஜோவெலி உடனே போலீசைக் கூப்பிடலாம் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். மாத்திரையை எடுத்துவிட்டு வெறும் குடையைக் கொடுப்போம், என்ன செய்கிறாள் என்று பார்ப்போம் என்று சொன்னதும் நான்தான். யாருக்காவது விஷம் வைக்கிறாளோ, மாமியாருக்குச் சோற்றில் கலக்கிறாளோ என்றெல்லாம் என் மனம் அதற்குள் கதை கட்டியிருந்தது. மாத்திரைகளை ஒரு காகிதத்தில் மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். நீல நூல் என்றாள். கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இந்தக் குடைக்குள்ள ஏதாவது இருந்துச்சா?"

"குடைக்குள்ள என்ன இருக்கும்? நீயே சொல்லேன்."

அவள் உதடு அசைந்தது. சொல்ல வந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் கடலை தின்கிற பெண் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, உள்ள போய் இவ்வளவு நேரம்? யாரோட குடை இது?"

"கீழ கிடந்துச்சு. குடுக்க வந்தேன்" என்று குடையை என் மேஜையில் வைத்துவிட்டு அவள் நடந்தாள். நாத்தனார்க்காரி குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் முதுகைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எனக்குள் ஒரு கெக்கலிப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று ஜோவெலியிடம் சொன்னேன்.

ஜோவெலி ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஊரில் இல்லை. வெள்ளி சாயங்காலம்தான் திரும்பினார். சனிக்கிழமை காலை நான் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது ஜோவெலி வந்தான். கேலி எதுவும் பேசவில்லை.

"வலிப்புக்குக் குடுக்கற மாத்திரையாம். நிறுத்தக் கூடாதாம். திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வந்துடுமாம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். புதன், வியாழன், வெள்ளி. இழுப்பறையைத் திறந்து மீதிப் பதிமூன்றையும் எடுத்துக்கொண்டு, நசினுவில் எந்த சுஷீலாவை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல், ராய்வாங்காவுக்குப் பஸ் ஏறினேன்.

பூல்மதியின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. குடைக்காரம்மா என்றதும் தெருவே கை காட்டியது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசல் கூரையின் கீழே முறிந்த குடைகள் விறகுபோல அடுக்கியிருந்தன. மழைக்குப் பிறகு நகரத்துத் தொட்டிகளில் கிடப்பவற்றைப் பொறுக்கி வந்து, இரண்டை ஒன்றாக்கித் தைத்து, அக்கம்பக்கத்தில் விற்றுப் பிழைக்கிறார். என்னைக் கண்டதும் பாதிக் கதவை மூடிக்கொண்டார்.

"யாரு அனுப்பினா உன்னை? நசினுலேருந்து ஆள் வந்தாங்களா?"

யாரும் அனுப்பவில்லை, பஸ் நிலையத்திலிருந்து வருகிறேன் என்றேன். தனக்கு ஒன்றும் தெரியாது, பஸ்ஸில் கிடந்த குடையைக் கொடுத்தது தப்பா என்று கேட்டார். மழை என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் காகிதத்தைப் பிரித்து மாத்திரைகளைக் காட்டினேன்.

அந்த அம்மா மாத்திரைகளை எண்ணினார். பதிமூன்று. அவர் கை கதவிலிருந்து நழுவியது.

"புதன்கிழமை குடுத்தது. அப்போ அவ சாப்பிடவே இல்லியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார். வழியில் பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். என்னிடம் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. ஜன்னல் தார்ப்பாயைப் பார்த்தபடி துண்டுதுண்டாகச் சொன்னார். அந்தப் பெண் அவர் மகள். பேர் அஞ்சிலா; சுஷீலா என்று போட்டது பொய்ப் பேர். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிட்டால் ஒன்றும் வராது. கல்யாணத்தின்போது மறைத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்த மாதமே சீர் விஷயத்தில் இரு வீட்டுக்கும் சண்டை வந்து, சம்பந்தியம்மாள் இவரை வாசல் மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். மகளும் எங்கும் தனியாகப் போக முடியாது. புதனன்று சந்தைக்குப் போகும்போதும் நாத்தனார் கூடவே வருவாள். அவளுக்கு இவர் முகம் தெரியும். அவள் கூட வராத ஒரே இடம் பத்து சென்ட் கேட்கிற கழிப்பறை. அதற்குப் பக்கத்தில் என் அறை. மொத்தமாகக் கொடுத்தால் வீட்டில் ஒளிக்க முடியாது என்று வாரத்துக்கு வாரம் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் இரண்டு வருடமாக ஒரு மீன்காரம்மா மூலம் அனுப்பிக்கொண்டிருந்தாராம். அவர் தன் சொந்தத் தீவுக்குத் திரும்பிப் போனதால் குடை; நீல நூல் அடையாளத்தைக் கடைசியாக அவர் மூலமே மகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நசினு வீட்டு வாசலில் அந்த நாத்தனார் நின்றிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும், இதற்கெல்லாம் நீதான் தூதா என்று என்னைக் கேட்டாள். அண்ணி எங்கே என்றதற்கு, நேற்று சாயங்காலம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் விழுந்துவிட்டாள், கை அடுப்பில் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொன்னாள். 

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவன் விம்லேஷ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். இரண்டு நாள் தாடி. மாமியாரைக் கண்டு திடுக்கிட்டவன், என் சட்டையிலிருந்த கம்பெனிப் பட்டையைப் பார்த்ததும் கிட்டே வந்தான்.

"நீதான் அந்தக் குடை ஆபீஸா? பேரை மட்டும் சொல்லு. வாராவாரம் எம் பொண்டாட்டிக்குக் குடை குடுத்தனுப்பறவன் யாரு?"

அண்ணி ஒவ்வொரு புதனும் கழிப்பறைப் பக்கம் போய்த் தாமதிப்பதையும், அன்று கையில் குடையோடு நின்றதையும் தங்கை புதனன்று இரவே சொல்லிவிட்டாளாம். அவனும் கணக்குப் போட்டுப் பார்த்து யாரோ ஒரு ஆண் என்று முடிவு செய்துவிட்டான். இரண்டு நாளாக மனைவியோடு பேசவில்லை. அவள் விழுந்தபோதும், நடிக்கிறாள் என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை அவனே பிறகு சொன்னான்.

"நாந்தான் குடுத்தேன், மாப்பிள்ளை" என்றார் பூல்மதி.

அவன் நம்பவில்லை. மகளைக் காப்பாற்றத் தாய் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். நான் காகிதத்தைப் பிரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வியாழனும் வெள்ளியும் அந்த மாத்திரை அவள் கைக்குப் போகாமல் என் இழுப்பறையில் பூட்டிக் கிடந்ததையும் சொன்னேன். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மாமியாரைப் பார்த்துக் கேட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல வந்த சம்பந்தத்துல சொன்னோம். மறுநாளே நிச்சயத்தை முறிச்சுட்டாங்க. உங்களை நம்பச் சொல்றீங்களா?"

அவன் எழுந்தான். உள்ளே போனான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அஞ்சிலாவின் இடது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அதற்கு மேல் நிற்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். ஜோவெலி மூலம் அவருக்குப் பாதி விஷயம் போயிருந்தது. கண்ணும் கருத்துமாக இருந்ததற்குப் பாராட்டி, பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு டிக்கெட் பக்கம் மாறிவிட்டேன்.

மற்றதெல்லாம் ஜோவெலி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் சித்தியின் வீடு அந்த நசினுத் தெருவில்தான். சம்பந்தியம்மாள் மருமகளைத் திரும்ப வீட்டில் ஏற்றவில்லை. நோயை மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்று சொல்லிவிட்டாராம். அஞ்சிலா ராய்வாங்காவில் தாயோடு நான்கு மாதம் இருந்தாள். விம்லேஷ் ஞாயிறுதோறும் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவான். முதல் மாதம் அவள் பேசவில்லை. அவன் தன்னைச் சந்தேகப்பட்டதைவிட, விழுந்து கிடந்தபோது தூக்காமல் நின்றதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் நம்புவாவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தான். அவள் போனாள். கையில் தழும்பு இருக்கிறது. இரண்டு விரல் சரியாக மடங்காது என்று ஜோவெலி சொன்னான்.

பூல்மதியை அதன் பிறகு ஒரே ஒரு முறை பார்த்துப் பேசினேன். நம்புவா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பூசணிக்காயும் மீன் பொட்டலமும். கிட்டே போய், தப்பு என் மேல்தான், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என்னைத் தெரியாதவர்போலப் பஸ் வருகிற திசையையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"அஞ்சு வாரம் உம் முன்னாடி வந்து நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாம்மா?"

 பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"மாட்டேன்" என்றார்.

பஸ் வந்தது. பூசணிக்காயை முதலில் படியில் வைத்தார். நான் குனிந்து தூக்கிக்கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.